கரிசலில் இறங்கிய கேரவன்

லோக்கியில் விமானம் ஏறுவதற்கு முன் தராசு ஏற வேண்டும். பெட்டியை மட்டும் நிறுத்துவிட்டு ஆளை விட்டுவிடுகிற வழக்கம் அங்கே கிடையாது. ஆளும் தட்டில் ஏறி நிற்க வேண்டும். தோளில் தொங்கும் பை, சட்டைப் பையில் கிடக்கும் ஸ்பானர், கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாமே கணக்கில் வரும். கென்யாக்கார விமானி ஓர் அட்டையில் ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டி, எரிபொருளின் எடையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு இரண்டு குழாயை இறக்கிவிடுங்கள்" என்பார். விருதுநகர் பஜாரில் பருப்பு மூட்டையும் வற்றல் மூட்டையும் நிறுப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். மனுஷனையும் இரும்பையும் ஒரே தாளில், ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டுவதை அங்கேதான் பார்த்தேன். இப்போதும் எங்காவது எடைமெஷினில் ஏறினால் மனசு நேராக அங்கே போய் நின்றுகொள்கிறது.

லோக்கி என்று நாங்கள் சுருக்கிச் சொன்ன ஊரின் முழுப்பெயர் லோக்கிச்சோக்கியோ. கென்யாவின் வடமேற்கு மூலையில் துர்கானா மக்களின் பூமி. சூடான் எல்லைக்கு முப்பது கிலோமீட்டர் இருக்கும். 1988-இல் தெற்கு சூடானில் போரும் பஞ்சமும் சேர்ந்து ஏராளமானோரைக் கொண்டுபோன பிறகு, 1989-இல் ஐ.நா. 'ஆபரேஷன் லைஃப்லைன் சூடான்' என்ற உதவித் திட்டத்தைத் தொடங்கியது. அதன் தென்பகுதி வேலைக்கு லோக்கிதான் வாசல். சோளமும் மருந்தும் விதையும் கொசுவலையும் அங்கிருந்துதான் ஏறின. அவற்றோடு அடிபம்பும் ஏறியது, அடிபம்பு இறக்குகிற நானும் ஏறினேன். சூலக்கரையில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, பழைய ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊர் ஊராகப் பம்பு இறக்கியும் கழற்றியும் உள்ளங்கை காய்த்துப்போன பிறகு, 1996-இல் ஓர் உதவி நிறுவனத்தின் வழியாகப் போய்ச் சேர்ந்தேன்.

நம் ஊர் ஆளை எதற்கு அவ்வளவு தூரம் கூப்பிட்டார்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். அங்கே நட்டதெல்லாம் நம் ஊர்ப் பம்பு. 'இந்தியா மார்க் டூ' என்று பெயர். 1967 பீகார் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் பாறையைத் துளைக்கிற ரிக்குகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. துளை போட்டாகிவிட்டது, மேலே வைக்கப் பம்பு இல்லை. ஒரு வீட்டுக்காரர் அடிக்கிற வார்ப்பிரும்புப் பம்பை ஊர் முழுக்க நின்று நாளெல்லாம் அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? எழுபதுகளின் நடுவில் கணக்கெடுத்தபோது போட்ட பம்புகளில் பெரும்பகுதி ஓடாமல் கிடந்தன. சோலாப்பூரில் ஒரு மிஷன் பட்டறையில் பிறந்த எஃகுப் பம்பை அடிப்படையாக வைத்துப் புது மாதிரி செய்து, கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆழமான கிணறுகளில் வைத்து அடித்துப் பார்த்து, மெட்ராஸ் ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் ஆலையில் செய்தெடுத்தார்கள். எண்பதுகள் முடிவதற்குள் பத்து லட்சத்துக்கு மேல் செய்தாகிவிட்டது. ஆப்பிரிக்காவுக்குக் கப்பல் கப்பலாகப் போனது.

பம்பு மட்டும் போதாது, அதைப் பேணுகிற முறையும் வேண்டும். அதையும் நம் தெற்கத்திச் சீமைதான் கண்டது. திருநெல்வேலி மாவட்டத்தில் பழகிப் பார்த்த மூன்றடுக்கு முறை அது. ஊருக்கு ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு பிட்டர், மாவட்டத்துக்கு ஆட்களோடு ஒரு வண்டி. பம்பு நின்றால் ஊர்க்காரர் கையிலிருக்கும் அஞ்சலட்டையில் எழுதிப் போடுவார். அட்டை வந்ததும் பிட்டர் சைக்கிளை எடுப்பார். அந்த அட்டைகளில் வந்த கையெழுத்துகள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. "அய்யா, பம்பு மூணு நாளா காத்து அடிக்குது. பிள்ளைகள் ரொம்பத் தூரம் போகுதுக." இதைவிடச் சுருக்கமாக, இதைவிட முழுமையாக எழுதப்பட்ட விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை.

விமானத்துக்கு வருகிறேன். செஸ்னா கேரவன். ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு விசிறி, ஆளுயரத்துக்கு மேலே இறக்கை. சக்கரம் உள்ளே மடங்காது, பறக்கும்போதும் கீழே தெரிந்துகொண்டே இருக்கும். சீட்டுகளைக் கழற்றிவிட்டால் ஒரு டன் வரை சரக்கு ஏற்றலாம். மார்க் டூவின் குழாய் ஒன்று மூன்று மீட்டர் நீளம்; ஒன்றேகால் இஞ்ச் ஜி.ஐ. குழாய், கிட்டத்தட்டப் பத்துக் கிலோ கனக்கும். நாற்பத்தைந்து மீட்டர் ஆழத்துக்குப் பதினைந்து குழாய், அதற்குள் ஓடப் பதினைந்து ராடு, பிறகு சிலிண்டர், தலை, கைப்பிடி, கால் மூன்றும் கொண்ட பீடம், சிமெண்ட். பக்கத்துக் கதவு வழியாகக் குழாயைக் கோணலாக நுழைத்து, தரையோடு படுக்க வைத்து, நைலான் வலை போட்டு இறுக்கிக் கட்டுவோம். மிச்சமிருக்கும் இரண்டு சீட்டில் நாங்கள் உட்கார்ந்து குழாயின்மேல் காலை வைத்துக்கொள்வோம். விமானம் ஓடத் தொடங்கியதும் அந்த இரும்பு அதிர்ந்து உள்ளங்கால் வழியாக முழங்கால் வரை ஏறும். மேலே போய் மட்டமானதும் அடங்கும். எனக்குப் பிடித்த கணம் அதுதான்.

விடியற்காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். வெயில் ஏறினால் காற்று கொதித்து விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். லோக்கியைச் சுற்றி முதலில் கல்லும் முள்ளும்தான். கென்யாக்காரர்கள் 'மதெங்கே' என்று திட்டுகிற மரத்தை முதல் நாளே அடையாளம் கண்டுகொண்டேன். நம் சீமைக்கருவேல். வறண்ட நிலத்தைப் பச்சையாக்கலாம் என்று நம்பி அங்கேயும் வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்து, அங்கேயும் அது நிலத்தையே பிடித்துக்கொண்டது. மலைகளைத் தாண்டினால் பூமி ஒரேயடியாகத் தட்டையாகிவிடும். பிறகு நைல். ஆறு என்று சொல்ல முடியாதபடி ஆயிரம் கால்வாயாகப் பிரிந்து, நாணலுக்குள் புகுந்து, பச்சைக்குள் வெள்ளி வெள்ளியாக மினுங்கும். அதற்கும் மேற்கே பஹ்ர் எல் கசல். டிங்கா மக்கள் மாட்டுக்குக் கட்டுகிற தொழுவம் வீட்டைவிடப் பெரிது; கூம்புக் கூரை போட்ட மாபெரும் வட்டக் கொட்டகை. பட்டிகளில் சாணிப் புகை நிற்கும். அந்தச் சாம்பலை உடம்பெல்லாம் பூசிக்கொண்டு பையன்கள் நிற்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது என் கை தானாக நெற்றிக்குப் போனது.

கீழே தெரிந்த மண் கறுப்பு.

அதைத்தான் சொல்ல வந்தேன். தெற்கு சூடானின் சமவெளியில் பெரும்பகுதி களிமண் கலந்த கரிசல். காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், நனைந்தால் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. அந்த விமானிகள் மேகத்துக்கோ காற்றுக்கோ பயந்ததைவிட அந்த மண்ணுக்குப் பயந்தது அதிகம். எண்ணூறு, ஆயிரம் மீட்டர் நீளத்துக்குப் புல்லைச் செதுக்கி, ஓரத்தில் சுண்ணாம்பு பூசிய கல்லை வைத்தால் அது ஓடுதளம். மழைக்காலத்தில் பல இடங்கள் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும். அப்போது ஹெர்குலிஸ் விமானங்கள் தாழப் பறந்து சோள மூட்டைகளை வானத்திலிருந்தே போடும். அடிபம்பை அப்படிப் போட முடியாது.

இறங்குவதற்கு முன் ரேடியோவில் கீழே கேட்பார்கள்: மண் காய்ந்திருக்கிறதா? காய்ந்திருக்கிறது என்றுதான் பதில் வரும். மருந்து தீர்ந்துபோன ஆஸ்பத்திரிக் குடிசையிலிருந்து பேசுகிறவர் வேறென்ன சொல்வார்? அதனால் விமானிகள் தங்களுக்கு நம்பிக்கையான ஆள் கீழே நின்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று விரும்பினார்கள். நான் கிராமத்தில் தங்கியிருக்கும்போதெல்லாம் அந்த வேலை எனக்கு வந்தது. அதற்கென்று யாரும் எனக்குப் பயிற்சி தரவில்லை. உழவுக்குப் பதம் பார்க்க அப்பா மழை விட்ட மறுநாள் காட்டுக்குள் இறங்கி என்ன செய்வாரோ அதைச் செய்தேன். கரிசலின் மேல் தோல் ஒரே வெயிலில் காய்ந்து வெளுத்துவிடும். அதற்கடியில் இரண்டு விரற்கடை ஆழத்தில் ஈரம் அப்படியே இருக்கும். குதிகாலால் குத்தித் திருப்ப வேண்டும். பொருக்கு உடைந்து உள்ளே பளபளப்பாக மண் தெரிந்தால் ஆகாது. ஒரு பிடி எடுத்து உருட்ட வேண்டும். உருண்டையாக நின்றால் ஆகாது, உதிர்ந்தால் சரி. இப்படி அம்பதடிக்கு ஒரு இடமாக, நடுவிலும் இரண்டு ஓரத்திலும், ஓடுதளம் முழுக்க நடப்பேன். பையன்கள் பின்னாலேயே குத்திக்கொண்டு வருவார்கள். பிறகு ரேடியோவில் போய், "வடக்குப் பாதி சரி, தெற்கே முந்நூறு மீட்டர் வேண்டாம்" என்று சொல்வேன். அப்பா அந்த மண்ணைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தந்ததில்லை. பின்னால் நடந்த எனக்கு அது எப்படியோ வந்திருந்தது. சின்ன விமானம் ஒன்று, அதற்குள் ஆட்களோடு, அந்தக் குதிகாலை நம்பித் தரை தொடும்போது எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

தரை தொடுவதற்கு முன் ஒருமுறை தலைக்குமேல் தாழப் பறந்து போகும். ஆடுமாட்டை விரட்ட. பிள்ளைகள் அதற்குள் ஓரத்துக்கு ஓடி வந்திருப்பார்கள். விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே, சத்தத்தை வைத்தே, அது கேரவன் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த வானத்தில் இன்னொரு விமானமும் வரும், தெற்கோடு போரிட்ட கார்ட்டூம் அரசின் அன்டனோவ். சரக்கு விமானம்தான், பின்கதவு வழியாகக் குண்டுகளை உருட்டிவிடும். அதன் ஓசை கனமானது, மெதுவாக வரும். அந்த ஓசை கேட்டால் பிள்ளைகள் வெட்டி வைத்திருக்கும் குழிக்குள் குதித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். நாலு வயசுப் பிள்ளைக்கு இரண்டு எஞ்சின் ஓசையையும் பிரித்துக் கேட்கத் தெரிந்திருந்தது. தன் பிள்ளை பேசக் கற்பதற்கு முன் ஓசை பிரிக்கக் கற்கிறதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மார் முகத்தை என்னால் எழுத முடியாது.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் ஓசை தெரியும். ஆமத்தூர்ப் பக்கமா, வச்சக்காரபட்டிப் பக்கமா, சிவகாசியா என்று 'டும்'மென்ற ஒற்றைச் சத்தத்திலேயே திசை சொல்லிவிடுவார்கள். கல்யாண வேட்டா, பட்டாசு ஆலையா என்பதும் தெரியும். ஆலை என்றால் வீடுகளிலிருந்து எல்லாரும் வெளியே வந்து எந்தப் பக்கம் புகை ஏறுகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவள் வீட்டு ஆட்கள் செருப்புகூடப் போடாமல் ஓடுவார்கள். தெற்கு சூடானில் முதல் குண்டுச் சத்தத்தைக் கேட்டபோது என் கால் சத்தம் வந்த பக்கம் திரும்பியது. கூட இருந்த டிங்கா ஆள் சட்டையைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் தள்ளினார்.

1998-ஐப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பஹ்ர் எல் கசலுக்கு விமானம் போகக் கார்ட்டூம் அனுமதி மறுத்தது. போரில் பெயர்ந்த ஜனங்கள் ஏற்கெனவே பசியில் கிடந்தார்கள். விமானங்கள் லோக்கியில் வரிசையாக நின்றன. விமானிகள் இருந்தார்கள். எரிபொருள் இருந்தது. சோளம் மலையாகக் குவிந்திருந்தது. எங்கள் குழாய்கள் எடை போட்டு, எண் எழுதி, மண்ணில் படுத்துக் கிடந்தன. தடை நீங்கிய பிறகும் தேவைக்கு ஏற்ற அளவு உணவு உடனே போய்ச் சேரவில்லை. அந்தக் கோடையில் அஜியெப் என்ற ஊரின் பெயரை உலகம் தெரிந்துகொண்டது, செத்தவர்களின் கணக்கால். ஒரு கையெழுத்து வராததால் பறக்காமல் நின்ற விமானங்களை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் மன்னிக்க முடியவில்லை. விமானங்களை என்று எழுதிவிட்டேன். யாரை என்று உங்களுக்குத் தெரியும்.

பம்பு இறக்கப் போன ஓர் ஊரில் ஒரு பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலுக்கு மேலே ஒரு புண். அதிலிருந்து வெள்ளை நூல்போல ஒன்று வெளியே வந்து ஒரு குச்சியில் சுற்றியிருந்தது. நாளுக்கு விரற்கடை அளவு சுற்றி இழுப்பார்கள்; அவசரப்பட்டு இழுத்து அறுந்தால் கால் சீழ் வைத்துவிடும். நரம்புச் சிலந்தி. நான் அதுவரை அந்த நோயைக் கண்ணால் பார்த்ததில்லை, ஆனால் அதன் தழும்பைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். என் அப்பத்தாவின் கெண்டைக்காலில் சுருங்கிய வடு ஒன்று இருந்தது. ஊருணியில் படி இறங்கி, காலை நனைத்து, குடத்தை முக்கித் தண்ணீர் எடுத்த காலத்து வடு. நோயாளி தண்ணீரில் காலை வைத்தால் புழு குஞ்சுகளை விடும், அதைக் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்பூச்சி தின்னும், அந்தத் தண்ணீரைக் குடிக்கிற அடுத்தவர் உடம்பில் ஒரு வருஷம் வளர்ந்து புழு காலைத் துளைத்து வெளியே வரும். மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. தண்ணீரில் கால் படாமல் எடுத்தால் போதும், வடிகட்டிக் குடித்தால் போதும், ஒழிந்துவிடும். தமிழ்நாட்டில் எண்பதுகளிலேயே ஒழிந்தது. இந்தியாவின் கடைசி நோயாளி 1996-இல் ராஜஸ்தானில் கண்டறியப்பட்டார். 2000-இல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது.

சூடானில் இதற்காகப் போரையே நிறுத்தியிருக்கிறார்கள். நான் போவதற்கு முந்தின வருஷம், 1995 மார்ச்சில், முன்னாள் அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டர் இரு தரப்பிடமும் பேசிச் சண்டையை நிறுத்த வைத்தார். அது ஏறக்குறைய ஆறு மாதம் நீடித்தது. வடிகட்டும் துணியோடும் சொட்டு மருந்தோடும் ஆட்கள் கிராமம் கிராமமாகப் போனார்கள். தெற்கு சூடானில் 2006-இல் இருபதாயிரத்துக்கு மேல் நோயாளிகள் இருந்தார்கள்; 2017-இல் ஒருவர்கூட இல்லை. அடுத்த வருஷம் சிலருக்குத் திரும்ப வந்தது என்றாலும், அந்த எண்களை வாசித்தபோது அப்பத்தாவிடம் சொல்ல முடியவில்லையே என்றிருந்தது.

அவளுக்கு நான் போன ஊர் எங்கே இருக்கிறது என்பது முக்கியமில்லை. முதல் விடுமுறையில் வந்தபோது, "என்னய்யா திங்கிறாக அங்கிட்டு?" என்று கேட்டாள். சோளம் என்றேன். உரலில் நின்று இடித்து, புடைத்து, களி கிண்டுகிறார்கள் என்றேன். அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்பச் சரி. சோளஞ்சோறு திங்கிற ஊருன்னா பிள்ளைய நம்பி விடலாம். போயிட்டு வா ராசா."

சோளத்தின் பூர்விகம் அந்தப் பூமிதான் என்று அவளுக்குத் தெரியாது. எனக்கும் பிறகுதான் தெரிந்தது. சோளம் கிழக்குச் சூடான் பக்கத்தில் பயிரானது, கம்பு சகாராவின் தெற்கு ஓரத்தில், கேழ்வரகு எத்தியோப்பிய, உகாண்டா மேட்டு நிலத்தில். மூன்றும் கடலைத் தாண்டி இந்தியாவுக்கு வந்து ஆயிரக்கணக்கான வருஷமாகிறது. கரிசல்காட்டுச் சம்சாரி தலைமுறை தலைமுறையாக உண்டு உயிர் வாழ்ந்தது ஆப்பிரிக்கா கொடுத்த தானியத்தில். அந்தக் கடனுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது கொஞ்சம்போல இரும்புக் குழாய் என்று எனக்குத் தோன்றும்.

நான் அங்கே போன வருஷத்தில் சூலக்கரையில் உலக்கைச் சத்தம் நின்று வெகுகாலமாகியிருந்தது. ரேஷன் அரிசி வந்து, மில் வந்து, கம்பங்காடு சுருங்கி, பெண்டுபிள்ளைகள் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பத்தா சொல்லக் கேட்ட பழைய சூலக்கரையை, அவள் சின்ன வயசு ஊரை, நான் மூவாயிரம் மைலுக்கு அப்பால் கேரவனிலிருந்து இறங்கிப் பார்த்தேன். கறுப்பு மண், முற்றத்தில் உரல், வாசலில் மாடு, இரவில் கதை. போர் மட்டும் இல்லாதிருந்தால் என்று நினைக்காத நாள் கிடையாது.

2005 ஜனவரி 9-ஆம் தேதி நைரோபியில் சமாதானம் கையெழுத்தானது. ஐ.நா. அலுவலகங்கள் ஜூபாவுக்குப் பெயர்ந்தன. லோக்கி காலியானது. விமானங்கள் நின்ற இடத்தில் இப்போது வெறும் கொட்டகைகள்தான் என்று பிறகு போய்வந்த நண்பர்கள் சொல்கிறார்கள். 2011 ஜூலை 9-இல் தெற்கு சூடான் தனி நாடானது. இரண்டே வருஷத்தில் தங்களுக்குள்ளேயே சண்டை மூண்டது. நான் பம்பு நட்ட ஊர்களில் எத்தனை மிஞ்சியிருக்கும்?

சூலக்கரையும் மாறிவிட்டது. தொழிற்பேட்டை, நாலுவழிச் சாலை, பிளாட்டுக் கல் நட்ட கரிசல். தெருவுக்குத் தெரு நின்ற மார்க் டூ பம்புகளில் பல தலையில்லாமல் நிற்கின்றன. சிலவற்றில் மோட்டாரை இறக்கிவிட்டார்கள். வீடுகளுக்குக் கேன் தண்ணீர் வருகிறது. என்னோடு சைக்கிளில் சுற்றிய பிட்டர்களில் பெரும்பாலானவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தோல் வாசர் தேய்ந்துவிட்டதா, செயின் தளர்ந்துவிட்டதா என்று கைப்பிடியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தே சொல்லக்கூடியவர்கள். அவர்கள் கைக்கு ஒரு படம்கூட எங்கும் இல்லை.

கோவில்பட்டிக்கு அந்தப் பக்கம், இடைசெவலுக்குக் கிட்டே நாலாட்டின்புதூரில் பழைய ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சிப் பள்ளி கொண்டுவர அரசு முயன்று வருகிறது. வரட்டும். சுற்றிலும் அசல் கரிசல் காடு. நம் பக்கத்துப் பிள்ளைகள் அங்கே சின்ன விமானம் ஓட்டப் படித்து, என்றைக்காவது ஆப்பிரிக்காவில் மண் தரையில் இறங்க வேண்டிய வேலைக்குப் போனால் அவர்களிடம் சொல்ல எனக்கு ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் மேலே போகிறதையெல்லாம் சொல்லித் தருவார்கள். ஒரு மழைக்கு மறுநாள் வேலியைத் தாண்டிக் காட்டுக்குள் இறங்கி, பக்கத்துப் பிஞ்சைக்காரரைக் கூப்பிட்டு, பதம் பார்க்கிறது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெளுத்த மண்ணை நம்பாதீர்கள். குதிகாலால் குத்துங்கள், திருப்புங்கள், ஒரு பிடி எடுத்து உருட்டுங்கள். ஓரத்தையும் பாருங்கள்; ஓரம்தான் கடைசியில் காயும்.